மலையைக் கேட்பதற்கு முன்: சுரங்கமும் ஜியாலஜியும் படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பிள்ளைகளுக்கு,

கிண்டியில் சுரங்கப் பொறியியல் படிக்கிறவர்கள், சேலத்திலும் சென்னையிலும் திருச்சியிலும் தூத்துக்குடியிலும் ஜியாலஜி படிக்கிறவர்கள், எல்லாருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். உங்களில் பலருக்கு முதல் வேலை ஒடிசாவிலோ ஜார்க்கண்டிலோ சத்தீஸ்கரிலோதான் அமையும். நம் நெய்வேலி நிறுவனமே ஒடிசாவின் தாலபிராவில் நிலக்கரி வெட்டிக்கொண்டிருக்கும் காலம் இது. தன்பாத்–ஆலப்புழா வண்டியில் அந்தப் பக்கத்துப் பையன்கள் திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் பிழைக்க வருகிறார்கள். அதே வண்டி திரும்பிப் போகும்போது நீங்கள் ஏறி அவர்கள் ஊரில் இறங்குவீர்கள். அவர்கள் இங்கே கூலிக்கு வருகிறார்கள், நீங்கள் அங்கே அதிகாரியாகப் போகிறீர்கள். அந்த வித்தியாசத்தை மட்டும் ரயிலில் உட்கார்ந்திருக்கும்போது ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள்.

போனதும் உங்கள் மேசைக்கு வருவது என்னென்ன என்று உங்களுக்கே தெரியும். டோபோ ஷீட், குத்தகை எல்லை வரைபடம், போர்ஹோல் லாக். இன்னொரு காகிதமும் உண்டு. அதை யாரும் தாமாகக் கொண்டுவந்து வைக்க மாட்டார்கள், கேட்டு வாங்க வேண்டும். அந்த ஊர்க் கிராம சபையின் தீர்மானம் அது. நம் பாடத்திட்டத்தில் அது வராது. பல வருஷம் வகுப்பெடுத்தவன் என்ற உரிமையில், பாடத்தில் விட்டுப்போனதை இங்கே சொல்கிறேன்.

பழகிய இடத்திலிருந்தே தொடங்கலாம். ஏற்காட்டுக்கு ஃபீல்டு டிரிப் போகாமல் சேலத்தில் யாரும் ஜியாலஜி முடித்ததில்லை. சேர்வராயன் உச்சியில் செம்மண் மாதிரி இருக்கும் கல்லைச் சுத்தியலால் தட்டினால் காவி உதிரும், உள்ளே பட்டாணி பட்டாணியாக உருண்டைகள் இருக்கும். பாக்சைட். அங்கேயும் கொல்லிமலையிலும் வெட்டியெடுத்துத்தான் மேட்டூர் மால்கோ ஆலை அலுமினியம் காய்ச்சியது. 1990களின் நடுவில் மால்கோ, பின்னால் வேதாந்தா என்று அறியப்பட்ட ஸ்டெர்லைட் குழுமத்தின் கைக்குப் போனது. அதே குழுமம் 1997இல் ஒடிசா அரசோடு ஒப்பந்தம் போட்டு நியமகிரி மலைக்குப் போனது. ஆக, நியமகிரி ஏதோ தூரத்துக் கதை அல்ல, நம் மேட்டூருக்குப் பங்காளி வீட்டுக் கதைதான்.

நியமகிரி ஒடிசாவின் தென்மேற்கில் ராயகடா, காளஹாண்டி என்ற இரண்டு மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது. ராயகடா பக்கம் 1936 வரை மதராஸ் மாகாணத்தோடு இருந்தது. மலையில் இருப்பவர்கள் டோங்ரியா கோந்த் மக்கள், சுமார் 8,000 பேர். அடிவாரத்தில் குட்டியா கோந்துகள். டோங்ரியாக்கள் பேசும் குவி திராவிடக் குடும்பத்து மொழி. கால்டுவெல் 1856இல் எழுதிய ஒப்பிலக்கணத்திலேயே கோந்துகளின் மொழி நம் மொழிகளோடு சேர்த்து எண்ணப்பட்டிருக்கிறது.

நம் ஊர் உச்சிப் பாக்சைட்டுக்கு அடியில் இருப்பது சார்னோகைட். நியமகிரிக்கு அடியில் இருப்பது கோண்டலைட். சார்னோகைட்டுக்குப் பெயர் வந்த கதையை முதல் வருஷமே கேட்டிருப்பீர்கள்: கிழக்கிந்தியக் கம்பெனிக்காரரான ஜாப் சார்னக்கின் கல்லறைக் கல். கோண்டலைட்டின் கதையை வாக்கர் என்ற நிலவியலாளர் 1902இல் காளஹாண்டி சமஸ்தானத்தின் பாறைகளைப் பற்றி எழுதியதில் பார்க்கலாம். அந்த மலைகளில் வாழும் கோந்துகளின் பெயரையே அவர் பாறைக்கு வைத்தார். இன்று மதுரைப் பக்கத்துப் பாறையையும் கேரளத்துப் பாறையையும்கூட அந்தப் பெயரால்தான் பரீட்சையில் எழுதுகிறோம். கல்லுக்கு அவர்கள் பெயரை வைக்க யாரிடமும் அனுமதி வேண்டியிருக்கவில்லை. அந்தக் கல்லின் மேல் இருப்பதை வெட்டலாமா என்று அவர்களிடம் முறையாகக் கேட்டது 2013இல். இடையில் 111 வருஷம்.

கேட்கப்பட்டது எதைப் பற்றி என்று விளங்க, அந்த மலையின் குறுக்குவெட்டை மனதுக்குள் வரைந்துகொள்ளுங்கள். மேலே லேட்டரைட், அதற்குக் கீழே பாக்சைட், அதற்கும் கீழே கோண்டலைட் மட்கி உண்டான வெளிர்நிறக் களிமண், அப்புறம்தான் கெட்டிப் பாறை. லேட்டரைட்டும் பாக்சைட்டும் ஓட்டை ஓட்டையான கல். நாலு மாத மழையை அப்படியே உறிஞ்சிக்கொள்ளும். களிமண் அடுக்கு அதைக் கீழே விடாது. தண்ணீர் பக்கவாட்டில் நகர்ந்து, இரண்டு அடுக்கும் சேரும் இடத்தில் சரிவில் ஊற்றாகக் கசியும். சித்திரை வெயிலிலும் அங்கே ஓடை ஓடுவதற்கு இதுதான் காரணம். வம்சதாரா ஆறு இந்தப் பக்கத்தில்தான் பிறந்து, ஸ்ரீகாகுளம் வயல்களுக்கு இறங்குகிறது.

டோங்ரியாக்கள் நியமகிரி உச்சியில் மரம் வெட்டுவதில்லை, உழுவதில்லை. அது அவர்கள் சாமியான நியம்ராஜாவின் இடம். கேழ்வரகும் சாமையும் மஞ்சளும் இஞ்சியும் அன்னாசியும் சரிவுகளில்தான். போர் போடாமல், கோர் எடுக்காமல், தண்ணீர் எங்கே தேங்குகிறதோ அந்த அடுக்கின் மேல் கை வைக்கக் கூடாது என்று ஒரு சமூகம் வழக்கமாக்கி வைத்திருக்கிறது. இதை வைத்துக்கொண்டு பழங்குடிகள் எல்லாரும் ஞானிகள் என்று கதை கட்டுவதில் எனக்கு விருப்பமில்லை. சரிவில் காட்டை எரித்து விதைப்பதால் மண் அரிக்கிறது என்று வனத்துறைக்காரர்கள் சொல்வதிலும் உண்மை இருக்கலாம். உச்சியைப் பொறுத்தவரை அவர்கள் கணக்கும் நம் பாடப்புத்தகமும் ஒன்றுதான் என்பதை மட்டும் பாருங்கள்.

அந்த உச்சியில்தான் சுரங்கத்துக்கு 660 ஹெக்டேர் காட்டு நிலம் கேட்டார்கள். இருப்பு சுமார் 7 கோடி டன். ஆண்டுக்கு 30 லட்சம் டன் வெட்டுவதாகத் திட்டம். கால் நூற்றாண்டுக்குள் காலியாகிவிடும். தண்ணீருக்கு என்ன ஆகும் என்ற கேள்விக்கு இரண்டு விதமான நிபுணர் பதில் வந்தது. இந்திய வனவிலங்கு நிறுவனம் 2006இல் நீரோட்டத்துக்கும் விலங்குகளுக்கும் கேடு என்று எச்சரித்தது. வெடி வைப்பதால் உண்டாகும் நுண்விரிசல்கள் வழியாக மழைநீர் நன்றாகவே இறங்கும் என்று இன்னொரு ஆய்வு சொன்னது. இந்த இரண்டாவது வகை அறிக்கையை எழுதுகிறவர்கள் யார் என்று நினைக்கிறீர்கள்? உங்களைப் போல எம்.எஸ்சி. முடித்தவர்கள்தான்.

வழக்கின் முழு வரலாறு நீளம், சுருக்கமாகச் சொல்கிறேன். ஆலைக்கு மட்டும் தனியாக 2004இல் சுற்றுச்சூழல் அனுமதி வாங்கி, மலையடிவாரத்து லாஞ்சிகட்டில் சுத்திகரிப்பு ஆலையைக் கட்டினார்கள். மலை இன்னும் கைக்கு வரவில்லை. அரிசி எங்கிருந்து வரும் என்று முடிவாகுமுன்பே சட்டி பானையை வாங்கி அடுப்பேற்றியது மாதிரி. பின்னால் நீதிமன்றத்திலும் அமைச்சகத்திலும், இவ்வளவு கோடி போட்டுவிட்டோமே என்பதே ஒரு வாதமாக மாறியது. பிள்ளைகளே, நம் தொழிலில் நடக்கும் தவறுகளில் இதைவிடப் பெரியது எனக்குத் தெரிந்து இல்லை. ஆலையின் கொள்ளளவை ஒருவர் வரைகிறார், கன்வேயர் பாதையை இன்னொருவர் வரைகிறார், மலைமேல் இருப்பவரைக் கேட்கும் வேலை யாருடைய அட்டவணையிலும் இல்லை. ஆலைக்காகக் கினாரி என்ற ஊர் காலியானது. அந்த மக்களைக் கொண்டுபோய் வைத்த குடியிருப்பின் பெயர் வேதாந்தா நகர். தலைமுறை தலைமுறையாக ஒரு ஊர்ப் பெயரோடு இருந்தவர்களுக்குக் கம்பெனியின் பெயரே ஊர்ப் பெயராகிவிட்டது.

2010 ஆகஸ்டில், மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் அமைத்த என்.சி. சக்சேனா குழு அறிக்கை கொடுத்தது. ஆலை வளாகத்துக்குள் ஊர்க்காட்டு நிலம் 26 ஹெக்டேர் அடைபட்டிருப்பதாகவும், வன உரிமைச் சட்டம் அங்கே மீறப்பட்டிருப்பதாகவும் அது எழுதியது. அந்த மாதமே அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் வன அனுமதியை மறுத்தார். மாநில அரசின் சுரங்கக் கழகம் உச்ச நீதிமன்றம் போனது. 2013 ஏப்ரல் 18 அன்று வந்த தீர்ப்பைத்தான் நீங்கள் உட்கார்ந்து படிக்க வேண்டும். வெட்டு என்றும் நீதிமன்றம் சொல்லவில்லை, வெட்டாதே என்றும் சொல்லவில்லை. அந்த மக்களின் வழிபாட்டு உரிமையும் சமூக உரிமையும் பாதிக்கப்படுகிறதா என்பதை அவர்களின் கிராம சபையே பரிசீலித்து முடிவு சொல்லட்டும், அதை வைத்து அமைச்சகம் இறுதி முடிவெடுக்கட்டும் என்றது.

இங்கேதான் நிலம், அடையாளம் என்ற இரண்டு சொற்களும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்கின்றன. அரசுத் தரப்பு ஒரு வாதம் வைத்தது: சாமி கும்பிடும் இடம் சுரங்க எல்லைக்கு வெளியே தள்ளித்தான் இருக்கிறது, அதைத் தொட மாட்டோம். வரைபடம் போடும் நமக்கு இது நியாயமாகத்தான் படும். ஒரு புள்ளியைக் குறித்து, அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டால் தீர்ந்தது. திருவண்ணாமலையில் கோயில் கீழேதானே இருக்கிறது, மலையை வெட்டிக்கொள்கிறோம் என்று யாராவது சொல்லிப் பார்க்கட்டும். கார்த்திகை தீபத்தன்று அங்கே கூடுகிறவர்கள் என்ன பதில் சொல்வார்களோ, அதே பதிலைத்தான் டோங்ரியாக்களும் சொன்னார்கள். உங்கள் உரிமை நிலத்தைத் துண்டு துண்டாக அளந்து தருகிறோம் என்று அதிகாரிகள் வந்தபோது, மலை முழுவதும் நியம்ராஜாவுடையது, அதில் அளக்க என்ன இருக்கிறது என்று கேட்டார்கள்.

2013 ஜூலை 18இல் செர்க்கபாடியில் முதல் கூட்டம். ஆகஸ்டு 19இல் ஜரபாவில் கடைசிக் கூட்டம். மொத்தம் 12 ஊர்கள், ராயகடாவில் 7, காளஹாண்டியில் 5. மழைக்காலம். ஒவ்வொரு கூட்டத்துக்கும் நீதித்துறை அதிகாரி பார்வையாளர். போலீசும் துணைப்படையும் சுற்றி நின்றன. ஆண்களும் பெண்களும் ஒவ்வொருவராக எழுந்து பேசினார்கள். இஜிருபா என்ற ஊரில் இருந்தது ஒரே குடும்பம், அதுவும் டோங்ரியா குடும்பம் இல்லை. அந்த ஊரைப் பட்டியலில் சேர்த்த மாநில அரசு என்ன எதிர்பார்த்தது என்று நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள். அந்தக் குடும்பமும் வேண்டாம் என்றே சொன்னது. பன்னிரண்டுக்குப் பன்னிரண்டும் மறுப்பு. 2014 ஜனவரியில் மத்திய அமைச்சகம் திட்டத்தை இறுதியாக நிராகரித்தது. இரண்டு வருஷம் கழித்து, மறுபடியும் கிராம சபை கூட்டிக் கேட்கிறோம் என்று மாநிலச் சுரங்கக் கழகம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. நீதிமன்றம் ஏற்கவில்லை.

வெற்றி விழா எடுப்பதற்காக இதைச் சொல்லவில்லை. நியமகிரியைச் சுற்றி நூற்றுக்கு மேற்பட்ட ஊர்கள் உண்டு. அத்தனை ஊரையும் கேட்க வேண்டும் என்று மத்தியப் பழங்குடியினர் நல அமைச்சகமே சொன்னது, கேட்டதோ 12 ஊர்களை. மலை தப்பியது, ஆலை நிற்கவில்லை. வெளி மாநிலங்களிலிருந்தும் ஆப்பிரிக்காவின் கினியிலிருந்தும் பாக்சைட் வந்து இறங்கியது. கினியிலும் அந்த மண்ணுக்கு மேல் ஊர்கள் இருக்கத்தான் செய்கின்றன. 2019 மார்ச்சில் வேலை கேட்டு ஆலை வாசலில் கூடியவர்களுக்கும் பாதுகாப்புப் படைக்கும் மோதலாகி, இரண்டு பக்கமும் ஒவ்வொரு உயிர் போனது. வேண்டாம் என்று சொன்ன ஊர்களைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். நிலத்தைக் கொடுத்துவிட்டு, சொன்னபடி வேலை எங்கே என்று கேட்கும் ஊர்களும் அதே தாலுகாவில் இருக்கின்றன.

உங்களில் கெட்டிக்கார மாணவர் ஒருவர் இந்நேரம் கேட்டிருப்பார்: சார், நீங்கள் போகும் ரயிலிலும் அலுமினியம், வீட்டு ஜன்னலிலும் அலுமினியம், மின்கம்பியிலும் அலுமினியம், எங்கிருந்து வரும்? நியாயமான கேள்வி. ஒரு டன் அலுமினியத்துக்கு நாலைந்து டன் பாக்சைட் வேண்டும், எங்காவது வெட்டத்தான் வேண்டும். கோராபுட்டில் நால்கோ 1980களிலிருந்து பஞ்சபட்மாலியில் வெட்டிக்கொண்டுதான் இருக்கிறது. சுரங்கமே கூடாது என்று நான் சொன்னால், சுரங்கம் கற்பித்துச் சம்பளம் வாங்கியவன் சொல்கிற பேச்சாக அது இருக்காது. ஆனால் நமக்குத் தேவை என்பதும், இன்ன மலையை வெட்டலாம் என்பதும் வேறு வேறு வாக்கியங்கள். முதலாவதை நீங்களும் நானும் சொல்லலாம். இரண்டாவதைச் சொல்ல அந்த மலையின் மேல் இருப்பவர் வேண்டும்.

அப்படியானால் அவர்கள் முன்னேற வேண்டாமா, இப்படியே காட்சிப்பொருளாகக் கிடக்கட்டுமா என்று அடுத்த கேள்வி வரும். இதைக் கேட்கிறவர்கள் மலையடிவாரத்துச் சாடிகோனா புதன்சந்தைக்கு ஒருமுறை போய்வர வேண்டும். தலையில் கொண்டையூசிகள் செருகி, கழுத்து நிறைய வளையங்களோடு டோங்ரியா பெண்கள் மஞ்சளையும் அன்னாசியையும் பலாவையும் கூடையில் கொண்டுவந்து விற்கிறார்கள். உப்பும் கருவாடும் வாங்கிக்கொண்டு மலையேறுகிறார்கள். அவர்கள் கையால் பூவேலை செய்யும் கப்டகண்டா சால்வைக்கு 2024இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அவர்கள் சந்தையை வேண்டாம் என்று சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தையும் மருந்தையும் வேண்டாம் என்று சொல்லவில்லை. பள்ளிக்கூடத்துக்கு விலையாக மலையைக் கேட்டபோதுதான் மறுத்தார்கள். நம் தெருவுக்குத் தண்ணீர்க் குழாய் போட வீட்டுப் பத்திரத்தை எழுதிக்கொடு என்று நகராட்சி நம்மைக் கேட்பதில்லை.

இப்போது உங்களுக்கு நேராக வரும் விஷயத்துக்கு வருகிறேன். நியமகிரிக்கு அடுத்து அதே மாவட்டங்களில் சிஜிமாலி மலை 2023இல் ஏலம் போனது. எடுத்தது அதே நிறுவனம். குட்ருமாலி என்று இன்னொரு மலையும் வரிசையில் இருக்கிறது. சிஜிமாலியில் கிராம சபைகள் ஒப்புக்கொண்டுவிட்டதாகத் தீர்மானங்கள் இருக்கின்றன. அப்படி ஒரு கூட்டமே நடக்கவில்லை, கையெழுத்துகள் போலி என்று ஊர்க்காரர்கள் சொல்கிறார்கள். நம் நெய்வேலி நிறுவனத்தின் தாலபிராவிலும் இதே பேச்சு கேட்டது. 2019 டிசம்பரில் ஆயிரக்கணக்கான மரங்கள் விழுந்தபோது, நாங்கள் தலைமுறையாகக் காவல் காத்த காடு இது, எங்கள் பெயரில் வந்த ஒப்புதல் தீர்மானம் போலி என்று அந்த ஊர் மக்கள் சொன்னார்கள். எது உண்மை என்று விசாரிக்க வேண்டியவர்கள் விசாரிக்கட்டும். நியமகிரி கற்றுக்கொடுத்த பாடத்தை இரண்டு தரப்பும் கற்றுக்கொண்டன என்று மட்டும் தெரிகிறது. மக்கள் கிராம சபையின் பலத்தைத் தெரிந்துகொண்டார்கள். தீர்மானம் என்ற காகிதம் எவ்வளவு அவசியம் என்பதை மற்றவர்களும் தெரிந்துகொண்டார்கள்.

சட்டமும் நின்ற இடத்தில் நிற்கவில்லை. காட்டு நிலத்தை வேறு வேலைக்கு மாற்றுவதற்கு முன்பே கிராம சபையின் சம்மதம் கையில் இருக்க வேண்டும் என்று 2009இல் ஒரு சுற்றறிக்கை வந்தது. நியமகிரிக்குக் கை கொடுத்தவற்றில் அதுவும் ஒன்று. 2022இல் வந்த விதிகள் அந்த வரிசையை மாற்றிவிட்டன. மத்திய அரசு முதலில் அனுமதி கொடுத்துவிடலாம், வன உரிமை விவகாரத்தை மாநிலம் பின்னால் பார்த்துக்கொள்ளும். அனுமதி வந்து, பணம் கட்டி, இயந்திரங்கள் வாசலில் வந்து நிற்கும்போது ஊரைக் கூட்டிச் சம்மதமா என்று கேட்டால் அதற்குப் பெயர் கேட்பதா? லாஞ்சிகட்டில் ஆலை முதலில், மலை அப்புறம் என்று நடந்ததே, அந்த வரிசை இப்போது விதியாகவே வந்துவிட்டது.

நம் ஊரையும் இந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் அரசியல் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணைப் பகுதி ஒரு சதுர அடிகூட இல்லை. அட்டவணைப் பகுதியில் பழங்குடி நிலத்தைச் சுரங்கத்துக்காக வெளியாருக்குக் கொடுக்கக் கூடாது என்ற 1997 சமதா தீர்ப்பு கொல்லிமலையிலும் ஏற்காட்டிலும் வாழும் மலையாளிப் பழங்குடிகளுக்கு உதவாது. வன உரிமைச் சட்டம் இருக்கிறது, ஆனால் அதன்படி இங்கே பட்டா கொடுப்பது நீதிமன்ற உத்தரவால் பல வருஷம் தடைபட்டுக் கிடந்தது. 2024 நவம்பரில் மதுரை அரிட்டாபட்டியின் டங்ஸ்டன் ஏலம் வெளியே தெரிந்ததும், சுற்றுவட்டாரக் கிராம சபைகள் எதிர்த்துத் தீர்மானம் போட்டன, சட்டமன்றம் தீர்மானம் போட்டது, மேலூரிலிருந்து மதுரைக்கு ஆயிரக்கணக்கானவர்கள் நடந்தார்கள். ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. நல்லதுதான். ஆனால் அது அரசியல் பலத்தால் வந்தது. அத்தனை கட்சிகளும் பின்னால் நிற்க வாய்ப்பே இல்லாத 8,000 பேருக்கு மலையைக் காத்துக் கொடுத்தது ஒரு சட்டப் பிரிவும், ஒழுங்காக நடத்திய 12 கூட்டங்களும்தான். அதனால்தான் அந்தக் கூட்டம் ஒழுங்காக நடந்ததா என்பதில் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறேன்.

ஆகையால், வேலையில் சேர்ந்தவுடன் தீர்மானத்தைக் கேட்டு வாங்குங்கள். போர்ஹோல் லாக்கை எப்படிச் சந்தேகத்தோடு படிக்கச் சொல்லிக்கொடுத்தோமோ அப்படியே அதையும் படியுங்கள். ஆழம் விட்டுப்போயிருந்தால், கோர் கிடைத்த அளவு குறைவாக இருந்தால், அந்த லாக்கை வைத்து இருப்பு கணக்கிட மாட்டீர்கள் இல்லையா? ஒடிசாவில் பஞ்சாயத்து அளவிலான கிராம சபை வேறு, ஊரளவிலான பள்ளி சபா வேறு. வன உரிமை விஷயத்தில் ஊரளவில் கூடியதுதான் கணக்கு. பஞ்சாயத்துத் தலைமையிடத்தில் கூட்டி எடுத்த தீர்மானத்தை மலைமேல் உள்ள ஊரின் சம்மதமாகக் காட்டினால் ஏன் என்று கேளுங்கள். விதிப்படி ஊரின் வயதுவந்தோரில் பாதிப் பேராவது வந்திருக்க வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்காவது பெண்கள் இருக்க வேண்டும். கைநாட்டுகளை எண்ணுங்கள். வாக்காளர் பட்டியலோடு ஒப்பிடுங்கள். தேதியைப் பாருங்கள். மலையில் இங்கொன்றும் அங்கொன்றுமாக இருக்கும் ஊர்கள் எல்லாவற்றிலும் ஒரே நாளில், ஒரே அதிகாரி முன்னிலையில், ஒரே வாசகத்தோடு தீர்மானம் நிறைவேறியிருந்தால், அந்த மலைப்பாதையில் ஒரு நாளில் அத்தனை ஊருக்கும் நடந்து போய்வர முடியுமா என்று உங்கள் டோபோ ஷீட்டே சொல்லும். கான்டூர் படிக்கத் தெரிந்தவர்களுக்கு இதைவிடச் சுலபமான பரிசோதனை கிடையாது.

குத்தகை எல்லைக் கல் ஊன்றப் போகும்போது, ஊரின் பூசாரியான ஜானியையும் வயதான பெண்கள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு நடங்கள். ஊற்றுகள் எங்கெங்கே என்று அவர்கள் காட்டுவார்கள். எல்லாவற்றையும் ஜி.பி.எஸ்.ஸில் குறித்து, அறிக்கையின் பின்னிணைப்பில் அல்ல, முதல் வரைபடத்திலேயே போடுங்கள். கிடைக்கும் புள்ளிகள் பெரும்பாலும் களிமண் அடுக்கின் விளிம்பிலேயே விழும். அந்த ஒரு படம், வெடியின் நுண்விரிசலில் நீர் இறங்கும் என்ற ரக வாக்கியங்களை எழுதவிடாமல் உங்கள் கையைப் பிடிக்கும்.

இதையெல்லாம் கேட்டால் வேலை போய்விடாதா என்று உங்கள் அப்பா அம்மா பயப்படுவார்கள். கல்விக்கடன் இருக்கும், தங்கை கல்யாணம் இருக்கும், தெரியாமலா சொல்கிறேன்? முதல் வருஷ டிரெய்னியிடம் யாரும் வீரத்தை எதிர்பார்க்கவில்லை. வேலையை விட்டுவிட்டு வாருங்கள் என்று நான் சொல்லவும் இல்லை. கேள்வியை வாயால் கேட்காதீர்கள், எழுத்தில் கேளுங்கள். தீர்மானத்தின் நகல் கோப்பில் இல்லை, அனுப்பிவைக்கவும் என்று இரண்டு வரி ஈமெயில். அதில் புரட்சி ஒன்றும் இல்லை, அலுவலக நடைமுறைதான். 2010இல் சக்சேனா குழு மலைக்குப் போனபோது அதன் கையில் இருந்ததும் இப்படிப்பட்ட கோப்புகளும், கோப்புகளில் இல்லாமல் போனவையும்தான்.

கடைசியாக ஒன்று. பொதுவிசாரணைக் கூட்டத்தில் கம்பெனித் தரப்பு வரிசையில் உங்களை உட்கார வைப்பார்கள். திட்டத்தை விளக்கிப் பேசச் சொல்வார்கள். இந்தியோ ஒடியாவோ தெரிந்த ஒருவர் உங்கள் பேச்சை அதில் மொழிபெயர்த்துச் சொல்வார், ஆனால் எதிரே இருப்பவர்களுக்குத் தெரிந்தது குவி. கூட்டத்துக்கு முந்தின நாளே ஊருக்குள் போய், குவியும் ஒடியாவும் தெரிந்த, கம்பெனியிடம் சம்பளம் வாங்காத ஒருவரை ஊராரே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். அவர்கள் பேசுவதையும் அவரே உங்களுக்குச் சொல்லட்டும். வேண்டாம் என்று அவர்கள் சொன்னால், நிகழ்ச்சிக் குறிப்பில் "சில ஐயங்கள் எழுப்பப்பட்டன" என்று எழுத வைக்கப் பார்ப்பார்கள். வேண்டாம் என்றே எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய ஜியாலஜி வாத்தியார்,
சேலம்.